டிடிபி கடையை லினக்ஸுக்கு மாற்றுவது: பழைய ஃபாண்ட் கோப்புகள், கீபோர்டு, ஊரார் காகிதங்கள்

வாசகர் கேள்வி, 19 அக்டோபர் 2025

புதுக்கோட்டையில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டரும் விண்டோஸ் 10. இந்த மாதம் 14-ஆம் தேதியோடு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றப் போனால் புராசஸர் பழசு என்கிறது. புதுசு வாங்க இப்போது வழியில்லை. விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போடலாம் என்றால், பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் ஓடாது, தமிழ் வேலையே நடக்காது என்று கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் அடித்துச் சொல்கிறார். பதினைந்து வருஷத்து ஃபைல் கிடக்கிறது. முடியுமா, முடியாதா?

19 அக்டோபர், இரவு

முடியும். பேஜ்மேக்கரை நம்பி லினக்ஸில் வேலை செய்ய முடியாது என்பது வரை அவர் சொன்னது சரி. தமிழ் வேலை நடக்காது என்பது சரியில்லை. நான் புத்தக வடிவமைப்பும் பத்திர டைப்பிங்கும் செய்கிறவன். கடையில் ஒரு மெஷின் தவிர எல்லாமே லினக்ஸ் மின்ட், லினக்ஸில் ஒரு வகை. அந்த ஒன்றைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஆனால் உங்களைக் கட்டிப்போட்டிருப்பது விண்டோஸ் இல்லை, ஃபாண்ட். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, 2001-இல் வந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனிக் குறியீடு தருகிற யூனிகோடு அதற்குத் தெரியாது. அதனால் பதினைந்து வருஷமாக நீங்கள் அடித்ததில் தமிழ் எழுத்தே கிடையாது. பாமினி ஃபாண்டில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். எம் வருகிற இடத்தில் அ படம், கே வருகிற இடத்தில் ம படம், அரைப்புள்ளிக்கு மெய்யெழுத்தின் புள்ளி, காற்புள்ளிக்கு இ. திரையில் பார்க்கிற நமக்குத்தான் அது தமிழ். அந்த ஃபாண்டை எடுத்துவிட்டால் எந்த மெஷினிலும், விண்டோஸ் 11-லும்கூட, வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும்.

அதனால் முதல் வேலை எழுத்தை யூனிகோடுக்குக் கொண்டுவருவது. அது முடிந்துவிட்டால் எந்த மென்பொருளில் திறப்பது என்பது உங்கள் இஷ்டம். இன்றைக்கு லினக்ஸ், நாளைக்கு வேறொன்று. எழுத்து உங்கள் கையில் இருக்கும்.

20 அக்டோபர்

இன்னொன்று. அவசரப்பட்டு விண்டோஸை அழித்துவிடாதீர்கள். பேஜ்மேக்கர் ஓடும்போதே ஒவ்வொரு கோப்பையும் திறந்து ஒரு பிடிஎஃப் எடுத்து வையுங்கள், பார்த்து ஒப்பிட. பிறகு எழுத்துக் கருவியால் பத்தியில் கர்சரை வைத்து, எக்ஸ்போர்ட்டில் ஆர்டிஎஃப் ஆக எடுங்கள். வெறும் டெக்ஸ்ட் ஆக எடுத்தால் எது எந்த ஃபாண்டில் இருந்தது என்ற தகவல் போய்விடும். அது பின்னால் வேண்டும்.

20 அக்டோபர், சற்று நேரம் கழித்து

இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸில் உள்ள டிரா, பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்குமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். திறக்கும். மெஷின் செத்துப்போய் கோப்பு மட்டும் மிஞ்சியவர்களுக்கு அது பெரிய உதவி. பக்க அமைப்பு அப்படியே வரும் என்று எதிர்பார்க்காமல், எழுத்தை மீட்க மட்டும் பயன்படுத்துங்கள்.

23 அக்டோபர்

மாற்றும் முறை. இதில்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

இணையத்தில் ஃபாண்ட் மாற்றித் தரும் தளங்கள் நிறைய உண்டு. கடைக்காரர்கள் உயிலையும் கிரயப் பத்திரத்தையும் அப்படியே அதில் ஒட்டி மாற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். யாரோ ஒருவருடைய சொத்து விவரம், கதவு எண், அப்பா பெயர், வாரிசு யார் என்பதெல்லாம் முன்பின் தெரியாத ஒரு சர்வருக்குப் போகிறது. ஓப்பன்-தமிழ் என்று ஒரு பைத்தான் நிரல்தொகுப்பு இருக்கிறது, திறமூலம் (நிரலை யாரும் பார்க்கலாம்), இலவசம். ஒரு தடவை இறக்கிக்கொண்டால் இணையத்தைத் துண்டித்துவிட்டுக்கூட வேலை பார்க்கும். பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று பழைய குறியாக்கங்கள் பலவற்றை யூனிகோடாக மாற்றும். பைத்தான் தெரியாவிட்டால் பக்கத்தில் கல்லூரியில் படிக்கிற பிள்ளை யாரையாவது பிடியுங்கள். மொத்தம் நாலைந்து வரிதான்.

சிக்கல் கலப்பு எழுத்தில் வரும். தமிழ்ப் பத்திக்கு நடுவே ஒரு கம்பெனிப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால், மாற்றிக்கு அது ஆங்கிலம் என்று தெரியாது. அதையும் தமிழாக்கித் தரும். ஆர்டிஎஃப் ஆக எடுக்கச் சொன்னதன் காரணம் இதுதான். லிப்ரே ஆபிஸில் தேடி மாற்றும் பெட்டியில் ‘ஃபார்மட்’ பொத்தான் உண்டு. ஃபாண்ட் பெயரை வைத்தே தேடலாம். ஆங்கில ஃபாண்டில் இருப்பதையெல்லாம் தேடி, முன்னும் பின்னும் வேறெங்கும் வராத ஒரு குறி போட்டுவிடுங்கள். குறிகளுக்கு நடுவில் இருப்பதைத் தொடாதே என்று நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மாற்றிய பிறகு கண்ணால் பார்க்க வேண்டியவை சில. பழைய ஃபாண்டில் கொம்பு எழுத்துக்கு முன்னால் அடிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். மாற்றி எங்காவது தவறவிட்டிருந்தால் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன சின்ன வட்டம் தெரியும். பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சட்டென்று கண்ணில் படும். அடுத்து ‘கொ’. இதை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், சேர்த்து ஒரே குறியீடாகவும் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசமே இருக்காது. தேடும்போது சில மென்பொருளில் ‘கொடை’ கிடைக்காது. பைத்தானில் இதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி போதும், அதையும் அந்தப் பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள்.

24 அக்டோபர்

ஔவையாரை மறந்துவிட்டேன். பழைய கோப்புகளில் ஔ என்பதற்கு ஒ அடித்து, பக்கத்தில் ள அடித்திருப்பார்கள். அதை மொத்தமாகத் தேடி மாற்றாதீர்கள். ஒளி, ஒளிவு எல்லாம் சிதைந்துபோகும். ‘ஒளவை’, ‘ஒளடதம்’ என்று முழுச் சொல்லாகத் தேடி மாற்றுங்கள்.

27 அக்டோபர்

கீபோர்டு. மின்ட்டில் அமைப்புகளில் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. அது அப்படியே எழுத்துக்கு எழுத்து போடும் வகை. தமிழ்99 வரிசையில் அடித்துப் பழகியவர்கள் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி, அதோடு எம்17என் என்ற தொகுப்பையும் சேர்த்து நிறுவுங்கள். அதில்தான் தமிழ்99-இன் தர்க்கம் வேலை செய்யும், அதாவது க இரண்டு தடவை தட்டினால் ‘க்க’ என்று புள்ளி தானாக விழும். 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த வரிசை அது, இன்னும் அதற்கு ஈடு கிடையாது என்பது என் கருத்து. வேகமாக அடிக்கிறவர்களுக்கு விரல் நோகாது.

ஆனால் உங்கள் கடையில் வேலை பார்ப்பவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் பாஸ் பண்ணியவராக இருந்தால் தமிழ்99-க்கு வற்புறுத்தாதீர்கள். அதே எம்17என் தொகுப்பில் டைப்ரைட்டர் வரிசையும் இருக்கிறது. என் கடையில் உள்ள அக்கா அதில்தான் அடிக்கிறார். முதல் வாரமே பழைய வேகம் வந்துவிட்டது. விரல் பழக்கத்தோடு சண்டை போட்டால் மாற்றமே தோற்றுப்போகும்.

28 அக்டோபர்

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்ட தம்பிக்கு: உங்கள் பக்கத்து ரெங்கநாதன் விசைப்பலகை வரிசை அதே எம்17என் தொகுப்பில் தனியாக இருக்கிறது. பாமினிக் கோப்புகள் உங்கள் பக்கம்தான் இன்னும் அதிகம், மேலே 23-ஆம் தேதி எழுதியது அப்படியே பொருந்தும்.

2 நவம்பர்

புதுக்கோட்டை நண்பர் மின்ட் போட்டுவிட்டார். லிப்ரே ஆபிஸில் எழுத்தின் அளவை மாற்றினால் தமிழ் மாறவில்லை, ஆங்கிலம்தான் மாறுகிறது என்கிறார்.

மாறுகிற எல்லோரும் இடறுகிற கல் இது. லிப்ரே ஆபிஸ் தமிழைச் சிக்கல் எழுத்துமுறை என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒரு ஃபாண்டும் அளவும், தமிழுக்கு வேறு ஃபாண்டும் அளவும். கருவிகள் பட்டியலில் விருப்பங்களுக்குள் போய், மொழி அமைப்பில் அந்தப் பிரிவை இயக்கித் தமிழ் என்று வையுங்கள். பிறகு பத்திப் பாணியைத் திறந்தால் ஃபாண்ட் பக்கத்தில் இரண்டு பகுதி தெரியும். இரண்டையும் நிரப்புங்கள். புத்தகத்துக்கு நான் தமிழை 11 புள்ளியிலும் ஆங்கிலத்தை 10 புள்ளியிலும் வைக்கிறேன். ஒரே வரியில் இரண்டும் வந்தாலும் உறுத்தாது. பேஜ்மேக்கரில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகத் தேர்ந்தெடுத்து ஃபாண்ட் மாற்றிக்கொண்டிருந்தோமே, அந்த வேலையே இல்லை. தொல்லை மாதிரித் தெரிகிற இந்தப் பிரிவு பழகிவிட்டால் வரம்.

ஃபாண்டுகளுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்த மலர், கவிவனார், பவனம், கேட்டமரான். எல்லாமே திறந்த உரிமத்தில் வருபவை, அவற்றில் அச்சிடலாம், அச்சிட்டதை விற்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நாவல் உடலுக்கு நோட்டோ செரிஃப் நன்றாக இருக்கிறது. கவிவனார் சாய்ந்த கையெழுத்துச் சாயல், அழைப்பிதழுக்கு அழகு, நீள உரைக்கு வேண்டாம்.

5 நவம்பர்

எழுத்துப் பிழை திருத்தி எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். தமிழுக்குச் சுமார்தான். நம் சொற்கள் வேற்றுமையும் புணர்ச்சியும் சேர்ந்து நீண்டுகொண்டே போவதால் பாதிச் சொல்லுக்குச் சிவப்புக் கோடு போடும். மெய்ப்பு பார்க்க ஆள் வேண்டும். எந்த மென்பொருளிலும் அப்படித்தான்.

9 நவம்பர்

“அரசாங்கங்களே லினக்ஸுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டன, மியூனிக் நகரத்தைப் பாருங்கள்” என்று ஒருவர். பார்க்கலாம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்குக் கொண்டுபோனது உண்மை. 2017-இல் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்ததும் உண்மை. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் ஏறத்தாழ 30,000 அலுவலகக் கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபிஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. போன மாதம்தான் 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல்பெட்டிகளைத் திறமூல அஞ்சலுக்கு மாற்றி முடித்ததாக அறிவித்தார்கள். அவர்கள் முதலில் எதில் கை வைத்தார்கள் என்று பாருங்கள்: ஆவண வடிவம், அஞ்சல். இயங்குதளம் அதற்குப் பிறகு. நான் ஃபாண்டிலிருந்து தொடங்கச் சொல்வதும் அதே வரிசைதான்.

நம் பக்கமும் கதை உண்டு. பக்கத்தில் கேரளப் பள்ளிகளில் வருஷக்கணக்காகக் கட்டற்ற மென்பொருளில்தான் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசின் எல்காட் மின்னணு நிறுவனத்துக்கு ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், அந்த நிறுவனத்துக்குள்ளேயே சூசே லினக்ஸும் ஓப்பன் ஆபிஸும் கொண்டுவந்தார். பிறகு அந்த வேகம் நீடிக்கவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். அப்போதே பிடித்துக்கொண்டிருந்தால் இன்றைக்கு அரசு அலுவலகத்திலிருந்து வருகிற படிவங்களை ஃபாண்ட் தேடித் திறக்க வேண்டியிருக்காது. யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் பயன்படுத்த 2010-இலேயே தமிழ்நாட்டில் அரசாணை வந்துவிட்டது.

16 நவம்பர்

இப்போது அந்த ஒற்றை விண்டோஸ் மெஷின்.

கணக்கு டேலியில் இருக்கிறது. ஆடிட்டர் அதையே கேட்கிறார். வரி வேலைக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அந்த மெஷினில் சிக்கல் இல்லாமல் ஓடுகிறது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் கோரல் டிராவில்தான் கோப்பு அனுப்புவார்கள், லினக்ஸில் உள்ள வரைகலை மென்பொருள் இங்க்ஸ்கேப் அதில் பாதியைத்தான் ஒழுங்காகத் திறக்கும். இந்த மூன்றுக்கும் ஒரு மெஷினை ஒதுக்கிவிட்டேன். வாடிக்கையாளர் கோப்பு எதுவும் அதில் இரவு தங்காது.

உங்களுடையது விண்டோஸ் 10 என்பதால் ஒரு தகவல்: தனிநபர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் இருக்கிறது, 2026 அக்டோபர் வரை. இரண்டில் ஒன்றை அதில் சேர்த்துவிட்டு மற்றதை மட்டும் மாற்றுங்கள். நூறு சதவீதம் மாறினால்தான் மாற்றம் என்று நினைக்க வேண்டாம்.

பிரிண்டர்தான் இன்னொரு பாறை. எச்பி பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும், அந்த நிறுவனமே லினக்ஸுக்குத் திறமூல டிரைவர் தருகிறது. நம் ஊர்க் கடைகளில் நிறையப் பார்க்கிற மலிவான சின்ன லேசர்கள் சிலவற்றுக்கு டிரைவர் போடுவதற்குள் பொழுது போய்விடும். பென்டிரைவிலிருந்தே மின்ட்டை நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம் இல்லையா, அப்போதே பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். வந்தால் நிறுவுங்கள்.

22 நவம்பர்

23 அக்டோபரில் உயில், பத்திரம் பற்றிச் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிக்கணும். அந்தரங்கம் என்றதும் எல்லோரும் வாட்ஸ்அப்பா சிக்னலா என்று கேட்கிறார்கள். வீட்டில் எல்லோரையும் சிக்னலுக்குக் கொண்டுவந்தால் நல்லது, நானும் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நம் மாதிரிக் கடைக்கு ஆபத்து வேறிடத்தில்.

ஒரு பெண் வந்து ஆதாரையும் வங்கிப் பாஸ்புக்கையும் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பிரிண்ட் வாங்கிக்கொண்டு போகிறார். வழியில் அந்தச் செய்தி மறைகுறியாக்கப்பட்டதுதான், யாரும் படிக்க முடியாது. வந்து சேர்ந்த பிறகு? படம் கடை போனின் கேலரியில் உட்காருகிறது. கேலரி தானாகவே மேகக் கணக்குக்குப் போகிறது. கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இன்னொரு நகல். வருஷக் கடைசியில் அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். தெருவே உள்ளே இருக்கும். அந்தப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. நம்மை நம்பித்தான் கொடுத்தார்.

அதனால் நான் செய்வது: வாட்ஸ்அப்பில் தானாக இறக்குவதை நிறுத்தியிருக்கிறேன். கடை வைஃபையில் லோக்கல்செண்ட் என்ற திறமூலச் செயலி வழியாகக் கோப்பை நேராகக் கம்ப்யூட்டருக்கு வாங்குகிறோம், இணையத்துக்கே போகாது. செயலி இல்லாதவரிடம் வற்புறுத்துவதில்லை, வாட்ஸ்அப்பில் வாங்கி, வேலை முடிந்ததும் அவர் கண்ணெதிரே அழித்துவிடுகிறோம். மின்ட் நிறுவும்போதே வட்டு மறைகுறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தாயிற்று, நாளைக்கு ஹார்ட் டிஸ்க் பழுதாகி எடைக்குப் போட்டாலும் பயமில்லை. ஆதார் நகல் கேட்டு வருகிறவர்களிடம், எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை எடுத்துத் தரட்டுமா என்று கேட்கிறோம். ஆதார் தளத்திலேயே அந்த வசதி உண்டு. பல இடத்தில் அது போதும்.

23 நவம்பர்

கடவுச்சொற்களை நோட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பதற்குப் பதில் கீபாஸ் எக்ஸ்சி என்ற கடவுச்சொல் பெட்டகம். கோப்பு உங்கள் மெஷினிலேயே இருக்கும். முதன்மைக் கடவுச்சொல்லை மட்டும் வீட்டில் ஒருவருக்குத் தெரியும்படி வையுங்கள்.

1 டிசம்பர்

போன் கீபோர்டு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சிக்னலே வைத்திருந்தாலும் நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் முதலில் கீபோர்டு செயலி வழியாகத்தான் போகிறது. ஹெலிபோர்டு என்று ஒரு கீபோர்டு, திறமூலச் செயலிகள் கிடைக்கிற எஃப்-டிராய்டு தளத்தில் கிடைக்கும், அதற்கு இணைய அனுமதியே கிடையாது. தமிழ் வரிசை உண்டு. பேசினால் எழுதுகிற வசதி அதற்குள் இல்லை. பேசியே எழுதிப் பழகியவர்களுக்கு அது பெரிய இழப்புதான். என் அம்மா போனில் நான் மாற்றவில்லை, அவருக்குப் பேசுவதுதான் வசதி.

14 டிசம்பர்

புதுக்கோட்டைக்காரர் முதல் புத்தகத்தை முடித்திருக்கிறார். மகிழ்ச்சி. உடல் பக்கங்கள் பிரச்சினை இல்லை, அட்டையில் அச்சகம் திருப்பி அனுப்பிவிட்டது, கறுப்பு எழுத்து நான்கு பிளேட்டிலும் வருகிறது என்கிறார்களாம்.

அட்டையை லிப்ரே ஆபிஸிலேயே செய்திருப்பார். அது தருகிற பிடிஎஃப் திரை நிறத்தில் இருக்கும். அச்சகத்தில் நான்கு மையாகப் பிரிக்கும்போது கறுப்பும் நான்காகப் பிரிந்துவிடும். பிளேட் மயிரிழை விலகினால் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். உடல் பக்கம் ஒற்றைக் கறுப்பில் ஓடுவதால் அங்கே இது தெரியவில்லை.

அட்டைக்கு ஸ்கிரைபஸ், பேஜ்மேக்கர் மாதிரிப் பக்கம் வடிவமைக்கிற இலவச மென்பொருள். பதிப்பு 1.6 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். பழைய 1.4-இல் தமிழ் உடைந்து வரும். அரபி எழுத்துக்காக ஓமன் நாட்டுக் குழு ஒன்று செய்த வேலையால்தான் நம் எழுத்தும் அதில் ஒழுங்காக அமர்ந்தது. அந்த முகம் தெரியாதவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்லிக்கொள்வதுண்டு. நிறப் பட்டியலில் கறுப்பை நூறு, மற்ற மூன்றும் சுழியம் என்று வைத்து எழுத்துக்குக் கொடுங்கள். ஏற்றுமதியில் அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஃபாண்டை உள்ளே பதிக்கச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு விளிம்பு.

15 டிசம்பர்

அனுப்பிய பிடிஎஃப் பார்த்தேன். கறுப்பு சரியாகிவிட்டது. முதுகுப் பக்கத்தின் அகலம் மட்டும் அச்சகத்திடம் காகிதத்தின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை) கேட்டுவிட்டுப் போடுங்கள். 70 என்று கணக்குப் போட்டு அவர்கள் 80-இல் அடித்தால் தலைப்பு ஓரத்துக்கு நகர்ந்துவிடும்.